தண்ணீருக்குப் பின்னால் போன எட்டு நாள்

2024 ஜூலை 27, சனி. மத்தூர், மண்டியா

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரியின் கிளைக்கும் கிளையாக வரும் ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியில் எங்களிடம் வரும், வராமலும் இருக்கும். போன ஆண்டு குறுவை நெல் கருகியதைப் பார்த்த பிறகு, இந்தத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, யார் கையால் எப்போது திறக்கப்படுகிறது என்பதை ஒரு முறையாவது கூடவே நடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பெங்களூரில் இருக்கும் மைத்துனர் காரை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னதும் கிளம்பிவிட்டேன். வறட்சியைப் பார்க்கத் திட்டமிட்ட பயணம். கிளம்பிய வாரத்தில் வந்ததோ வெள்ளம்.

மத்தூரில் வடைக்காக நிறுத்தினோம். ரவையும் வெங்காயமும் கலந்து தட்டையாகப் பொரித்த வடை, ஒன்று 30 ரூபாய், உள்ளங்கையை மூடும் அகலம். எங்கள் வண்டியில் முன்னால் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், தமிழ்நாடா என்று தமிழிலேயே கேட்டார். தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடுவதை எதிர்த்துப் போன ஆண்டு செப்டம்பர் 29 அன்று மாநிலம் முழுக்கக் கடையடைப்பு நடந்த நாளில் இதே அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டு வீட்டில் இருந்ததாகச் சொன்னவர், கோபம் ஏதும் இல்லாத குரலில் இன்னொரு கரண்டி சட்னியை ஊற்றினார்.

சாலையின் இருபுறமும் கரும்பு. மண்டியாவுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது.

ஜூலை 28, ஞாயிறு. கண்ணம்பாடி

கிருஷ்ணராஜ சாகரம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் இங்குள்ளவர்கள் வாயில் அது கண்ணம்பாடிக் கட்டெதான்; கட்டெ என்றால் கன்னடத்தில் அணை. 1911-இல் தொடங்கிய கட்டுமானம். விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில் வேகம் பிடித்தது. சிமெண்ட்டுக்குப் பதில் சுண்ணாம்போடு செங்கல்தூள் சேர்த்த சுர்க்கிக் காரையால் கட்டிய சுவர் என்று படித்திருந்தேன். நாங்கள் பார்த்தது சுவரை அல்ல, அதன் கீழே எழுந்த புகையை. அத்தனை மதகுகளிலிருந்தும் விழுந்த தண்ணீர் அடித்துத் தூவியதில் மறுகரை தெரியவில்லை. கீழ்ப் பாலத்தில் நின்ற எங்கள் கண்ணாடிகள் இரண்டு நிமிடத்தில் நனைந்தன.

முழு மட்டம் 124.80 அடி, கொள்ளளவு 49 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஹேமாவதி 37, கபினி 19, ஹாரங்கி 8 என்று மற்ற மூன்றையும் கூட்டினாலும் கர்நாடகத்தின் நான்கு பெரிய காவிரி அணைகளின் மொத்தம் 115 டி.எம்.சி.யை எட்டாது. நல்ல மழை ஆண்டில் இந்த நான்கும் ஜூலையிலேயே நிரம்பிவிடும். அதன் பிறகு அணைக் காவலர் செய்யக்கூடியது ஒன்றுதான், வருவதை வந்தபடியே விடுவது. கபினி இன்னும் சின்னது. வயநாட்டில் மழை இறங்கினால் அது முதலில் நிரம்பி முதலில் திறந்துகொள்ளும். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் பக்கத்துக்கு வரும் முதல் நல்ல செய்தி கபினியிலிருந்து வருகிறது.

அணையின் மேல் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். நாளை முதலமைச்சர் வந்து பாகினம் விடப்போகிறாராம். முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத்துணி, தானியம் வைத்து இன்னொரு முறத்தால் மூடி நிரம்பிய அணையில் விடுவது பாகினம். நம் ஆடிப்பெருக்குக் காதோலை கருகமணிக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

மதியம் ஒரு களி மெஸ்ஸில் கேழ்வரகு உருண்டையும் பஸ்ஸாரு என்ற கீரை-பருப்புக் குழம்பும் சாப்பிட்டோம், 70 ரூபாய். களியை மென்று தின்னக் கூடாது, கிள்ளி குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் விவசாயி. “இந்த வாரத்திலேயே உங்கள் வருஷக் கணக்கு முடிந்துவிடும்” என்றார், தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் விட வேண்டிய பங்கைச் சொல்லி. “செப்டம்பர்க் கணக்கு?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த உருண்டைக்குக் கை காட்டினார். இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் காவிரி வழக்கின் தொல்லை. 

ஜூலை 29, திங்கள். கனகபுரா வழியாகத் தேன்கனிக்கோட்டை

நாள் முழுக்கச் சாலை, மழை, லாரிகள். எழுத ஒன்றும் இல்லை. விடுதி அறை 900 ரூபாய், மெத்தை ஈரம்.

ஜூலை 30, செவ்வாய். பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர்

விடிந்ததும் தொலைபேசியில் வயநாட்டுச் செய்தி. முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் நள்ளிரவில் மலை சரிந்து ஊரோடு போய்விட்டது. அந்த மலைச்சரிவின் தண்ணீர் மேற்கே சாலியாற்றுக்குப் போவது, கபினிக்கு வருவதல்ல. ஆனால் மழை ஒரே மழை. மூன்று நாளாக நாங்கள் வியந்து பார்த்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கொண்டுவந்த அதே மேகம், முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரையே விழுங்கியிருக்கிறது. மைத்துனர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் ஓட்டினார்.

அஞ்செட்டியைத் தாண்டிக் காட்டுச்சாலையில் பின்சக்கரம் போனது. மாற்றுச் சக்கரத்தை எடுத்தால் அதிலும் காற்றில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், மகனைக் கூப்பிட்டு, சக்கரத்தை மோட்டார் சைக்கிளில் ஏற்றி நாட்ராம்பாளையத்துக்கு அனுப்பி ஒட்டவைத்துக் கொடுத்தார். ஒட்டியதற்கு 150 ரூபாய். போய்வந்த பெட்ரோலுக்குப் பணம் நீட்டியபோது அந்தப் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “வழியில நிக்கறவங்ககிட்ட வாங்கக்கூடாதுங்க சார்.”

கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை எல்லையில் அளக்கும் பிலிகுண்டுலு என்ற ஊரின் பெயரை நாற்பது ஆண்டாகச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். நேரில் அது சில வீடுகள், புளியமரங்கள், ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு மண்பாதை. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையத்துக்குள் வெளியாருக்கு அனுமதி இல்லை. கேட்டதற்கு மரியாதையாக மறுத்தார்கள். கரையில் படிப்படியாக நட்டிருக்கும், கறுப்பு வெள்ளையில் எண் எழுதிய அளவுகோல் பலகைகளை மட்டும் தொலைவிலிருந்து பார்த்தோம். கீழ்ப்பலகைகள் முழுதும் மூழ்கியிருந்தன. செம்மண் நிறத் தண்ணீர் ஒரு பலகையின் எண்ணைத் தொட்டு, இறங்கி, மறுபடி தொட்டது. இரண்டு மாநிலங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றத்தில் பேசியதெல்லாம் இந்தப் பலகையில் எந்த எண் நனைய வேண்டும் என்பதைத்தான்.

1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. கர்நாடகம் ஆண்டுக்கு விட வேண்டியது 1991-இல் இடைக்கால உத்தரவில் 205 டி.எம்.சி. என்றது, 2007 இறுதித் தீர்ப்பு 192 என்றது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீரையும் கணக்கில் எடுத்து 177.25 என்று நிறுத்தியது. அதை மாதம் மாதமாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள்: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95 என்று ஏறி, செப்டம்பர் 36.76 என்று குறைந்துகொண்டே போய்ப் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. நெல்லின் வயதைப் பார்த்துப் போட்ட அட்டவணை இது. வானம் அதைப் படித்ததில்லை.

தேநீர்க் கடையில் உட்கார்ந்து சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. போன ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் விநாடிக்கு 5,000 கன அடி கொடு என்று பதினைந்து பதினைந்து நாளாக இரண்டு முறை உத்தரவு போட்டார்கள். அதற்குத்தான் சாலைமறியல், கடையடைப்பு எல்லாம். முப்பது நாளையும் கூட்டினால் 13 டி.எம்.சி.க்கு ஒரு துளி குறைவு. இப்போது லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் ஒன்றரை லட்சம் கன அடி ஒரே ஒரு நாள் போனால் அதே 13 டி.எம்.சி. ஒரு மாதம் முழுக்க அடித்துக்கொண்ட தண்ணீர் ஒரு பகலிலும் ஓர் இரவிலும் கடந்துவிடும். கணக்கைத் திரும்பவும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. டீ 12 ரூபாய்.

இதே மாதம் 11-ஆம் தேதி காவிரி ஒழுங்காற்றுக் குழு, மாதக் கடைசி வரை தினம் ஒரு டி.எம்.சி. விடச் சொன்னதும், 8,000 கன அடிக்கு மேல் முடியாது என்று கர்நாடகம் பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்தச் சண்டை சூடேறுவதற்குள் குடகில் மழை வந்து அதைக் கலைத்துவிட்டது.

ஒகேனக்கல்லில் பரிசல் இல்லை, குளியல் இல்லை, அருவியும் இல்லை. பாறைகளெல்லாம் மூழ்கி ஒரே வெள்ளம். எண்ணெய் தேய்ப்பவர்கள் வேலையின்றி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீன் மட்டும் இருந்தது. வறுத்த கட்லா துண்டு 60 ரூபாய்; மிளகாய்த்தூளில் நாக்கு எரிந்தது. மீன்கார அம்மா, “தண்ணி இல்லேன்னாலும் எங்களுக்குப் பொழப்பு இல்ல, ரொம்ப வந்தாலும் இல்ல” என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டைச் சும்மா வைத்தார்.

மேட்டூர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஊரே தெருவில் நின்றது. அன்று மாலைதான் அணை 120 அடியைத் தொட்டிருந்தது, வரலாற்றில் 43-ஆவது முறையாக. ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த அணை. அறை எங்கும் கிடைக்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் தலைக்கு 200 ரூபாய் கொடுத்து ஜமுக்காளத்தில் படுத்தோம்.

ஜூலை 31, புதன். மேட்டூர்

காலையில் பதினாறு கண் பாலம். 1934 ஆகஸ்டில் திறந்து, அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வைத்த அணையின் உபரி நீர் போகும் வழி இது. பாசனத்துக்கு விடும் தண்ணீர் மின்நிலையங்கள் வழியாகப் போகும். அந்த வழி கொள்ளாதபோதுதான் பதினாறு கண் திறக்கும். காவலர்கள் செல்ஃபி எடுப்பவர்களை ஊதல் ஊதி விரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு காவலர் தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அணை முனியப்பன் கோயிலில் ஒரு குடும்பம் கிடா வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. வழிப்போக்கர்கள் என்று தெரிந்ததும் எங்களையும் உட்காரவைத்தார்கள். அவர்கள் பண்ணவாடிப் பக்கத்தவர்கள். இரண்டு வாரம் முன்பு வரை நீருக்கு வெளியே நின்ற நந்தியையும் பழைய கிறிஸ்தவ ஆலயத்துக் கோபுரத்தையும் பற்றிச் சொன்னார்கள். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அவை. மட்டம் இறங்கினால் தலை காட்டும். வற்றிய நிலத்தில் அவர்கள் விதைத்திருந்த சோளமும் கம்பும் இந்த இரண்டு வாரத்தில் நீருக்குள் போய்விட்டன. “ஆத்துக்குச் சொந்தமான எடம், அது வந்து எடுத்துக்கிச்சு” என்றார் வீட்டுப் பெரியவர், இலையில் எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பை விட்டபடி.

மேட்டூரின் 93.47 டி.எம்.சி. தமிழ்நாட்டுக் காவிரியில் இருக்கும் ஒரே பெரிய பாத்திரம். இதற்குக் கீழே ஆறு சமவெளியில் இறங்கிவிடுகிறது. இன்னொரு மேட்டூர் கட்ட மலையிடுக்கு இல்லை. உபரியைச் சேலம் மாவட்டத்து வறண்ட ஏரிகள் நூறுக்குக் கொண்டுபோகும் சரபங்காத் திட்டம் வந்திருக்கிறது; அது இறைப்பது அரை டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். நான் அதைக் குறை சொல்லவில்லை, அந்த ஏரிக்காரர்களுக்கு அது பெரிய தண்ணீர். ஆனால் “கடலுக்குப் போகவிடாமல் தடுத்திருக்கலாமே” என்று தொலைக்காட்சி விவாதத்தில் பேசுகிறவர்கள் ஒரு நாள் பதினாறு கண் பாலத்தில் வந்து நிற்க வேண்டும்.

மைத்துனர் இங்கிருந்து திரும்பிவிட்டார். நான் பேருந்தில் திருச்சி.

ஆகஸ்ட் 1, வியாழன். முக்கொம்பு, கல்லணை

முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு, இதுபோன்றதொரு வெள்ளத்தில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. இப்போது பக்கத்தில் புதிய கதவணை நிற்கிறது. பூங்காவை மூடிவிட்டிருந்தார்கள், கரையிலேயே வேர்க்கடலை விற்ற பையனிடம் பத்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடித்தேன்.

கல்லணையில் வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு சட்டை காய்ந்தது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் போகும் மூன்று ஆறுகளும் பக்கத்துப் பக்கத்தில் கிளம்புகின்றன. இவை மூன்றும் சேர்ந்து கரை உடையாமல் சுமக்கக்கூடியது சுமார் இருபத்தைந்தாயிரம் கன அடி. மேலே லட்சத்தைத் தாண்டி வந்தாலும் வயலுக்குப் போகிற வழி இவ்வளவுதான்; மிச்சம் அத்தனையும் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு. பாசனத்துக்குத் திறந்து ஓரிரு நாளே ஆகியிருந்ததால் இந்த மூன்றிலும் அந்த அளவுகூட விடவில்லை. தூர்வாரிய வாய்க்கால்களில் மதகு வேலை முடியாத இடங்கள் இருப்பதாக ஒரு பணியாளர் சொன்னார். பாலத்தின் வடபக்கம் நின்றால் கொள்ளிடம் கடல் மாதிரி இரைகிறது. நாலு எட்டு தெற்கே வந்தால் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் ஒழுக்கமாக, படித்துறையின் மூன்றாவது படியில் நிற்கிறது. ஒரே ஆறு என்று நம்புவது கஷ்டம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி. நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி

தஞ்சாவூரில் ஒரு டிகிரி காபி, 25 ரூபாய், சர்க்கரை தூக்கல். பேருந்தில் எல்லோரும், கொள்ளிடத்துக்குள் நின்ற உயர்மின் கோபுரம் ஒன்று திருச்சியில் சாய்ந்துவிட்டதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்ற பிரிவு மதகில் இறங்கினேன். வெண்ணாறு இங்கே கோரையாறு, பாமணியாறு என்று மேலும் பிரிகிறது. தண்ணீர் வந்திருந்தது, ஆனால் நுங்கும் நுரையுமாக அல்ல, ஆகாயத்தாமரையை மெல்லத் தள்ளிக்கொண்டு, அடித்தரை ஈரமாகிக் கொப்புளம் விட்டபடி.

திருத்துறைப்பூண்டியில் முள்ளியாற்றில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்குள்ளே.

ஊரில் சித்தப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒகேனக்கல் கதையையும் பதினாறு கண் படங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “இதுல எதுடா நமக்கு வர்ற தண்ணி?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரிக்குப் பழைய சோறும் வறுத்த சென்னாக்குன்னிப் பொடி இறாலும். எட்டு நாளில் சாப்பிட்டதிலேயே அதுதான் சரியான சாப்பாடு.

கண்ணம்பாடியில் அந்தக் கரும்பு விவசாயி சொன்ன வருஷக் கணக்கை இவரிடம் எப்படி விளக்குவது? புழுதியில் நேரடி விதைப்புக்கு உழுது போட்டிருக்கிறார். இந்த மாதம் முளைக்க ஒரு நனைப்பு வேண்டும், ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடிக்கும் வரை அவ்வப்போது முறை வைத்தாவது விட வேண்டும், தையில் கதிர் முற்றும்போது கொஞ்சம் வேண்டும். அவருக்குத் தேவை டி.எம்.சி. அல்ல, தேதி. இந்த வாரம் கடலுக்குப் போகும் தண்ணீர் ஏட்டில் தமிழ்நாட்டின் பெயரில் வரவு. குறைநீர் ஆண்டில் அவரவர் பங்குக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் மன்றம் சொன்னது நியாயம்தான். எந்த வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொள்கிறது. மழை பெய்துவிட்டால் அந்தப் பேச்சை இரண்டு பக்கமும் மறந்துவிடுகிறார்கள். அதைப் பேச வேண்டிய வாரமே இதுதான் என்பேன்; ஆனால் நிரம்பிய அணையில் நின்று யாருக்கும் வறட்சியைப் பற்றிப் பேச வாய் வராது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடி 18

திருச்சியிலும் மேட்டூருக்குக் கீழேயும் பல படித்துறைகளில் வெள்ளத்துக்குப் பயந்து யாரையும் இறங்கவிடவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலில் இறங்கத் தடை இல்லை, இறங்கினால் புழுதி. பெண்கள் போர்செட் தொட்டியைச் சுற்றிக் கோலம் போட்டு, மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காப்பரிசியும் விளாம்பழமும் வைத்துப் படைத்தார்கள். சித்தி எனக்கும் கையில் மஞ்சள் கயிறு கட்டினாள். மோட்டாரைப் போட்டதும் குழாய் வாயில் விழுந்த தண்ணீரில் முளைப்பாரியை விட்டார்கள். அது தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி மூலையில் ஒதுங்கியது. 

பதினொரு மணிக்கு லஸ்கர், அதாவது மதகுகளைத் திறந்து மூடும் பணியாளர், சைக்கிளில் வந்தார். மூன்று ஊர் மதகுகளுக்கு அவர் ஒருவர்தான். எங்கள் ஷட்டரின் திருகுத்தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. சித்தப்பாவிடம் நல்லெண்ணெய் கேட்டு வாங்கி ஊற்றி, இரண்டு பேரைத் தொங்கவைத்துத் திருகி, ஒரு சாண் தூக்கினார். அடியில் வெடித்த சேறு தெரிந்தது. தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டது, வழியில் எவரும் அடைக்காவிட்டால் திங்கட்கிழமை ராத்திரி இங்கே வரும் என்றார். வாய்க்காலுக்குள் இறங்கி ஒரு தென்னங்கீற்றுக் குச்சியை ஒடித்து நட்டு, முழங்கை உயரத்தில் நகத்தால் கீறிவிட்டு, “இது வரைக்கும் வந்தா உழவு நனையும்” என்று சொல்லிக் காபியை ஆற்றிக் குடித்தார்.

ஞாயிறு ரயிலுக்கு எனக்கு டிக்கெட். திங்கட்கிழமை இரவு சித்தப்பாவிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. செவ்வாய் விடியற்காலை நாலரைக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்: டார்ச் வெளிச்சத்தில் வைக்கோலும் நுரையும் சூழ்ந்த அதே குச்சி, கீறலுக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர்.